சுவர் இருந்தால்தான் சித்திரமா?



'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த முதுமொழி. உடல்நலம் இருந்தால்தான் மற்றவை எல்லாம் என்பது அதன் பொருள். நல்ல மொழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின்னர் இந்த முதுமொழியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சாரார் நம் பள்ளிகளில் கலைப்பாடத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கின்றனர். "பிள்ளைகள் இரண்டாண்டுப் படிப்பை இழந்துவிட்டார்கள். முதலில் எழுத்தும் கணக்கும் வரட்டும். படம் வரைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றனர். அந்தப் 'பிறகு' இன்னும் வந்தபாடில்லை. எப்போது வரும் என்று சொல்வாரும் இல்லை.

இந்த மனப்போக்கு நம் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. 2020 ஜூன் மாதத்தில் அண்டை நாடான சிங்கப்பூரில் ஓர் ஆங்கில நாளேடு 1,000 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வெளியிட்டது. நெருக்கடிக் காலத்தில் எந்தத் தொழில் இன்றியமையாதது, எந்தத் தொழில் அத்துணைத் தேவையில்லாதது என்பது கேள்வி. மருத்துவர், தாதியர், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் இன்றியமையாதோர் வரிசையில் இடம்பெற்றனர். அது முற்றிலும் முறையே. தேவையில்லாத தொழில்களின் வரிசையில் முதலிடம் பெற்றவர் யார் தெரியுமா? கலைஞர்! நூற்றுக்கு 71 பேர் அப்படிச் சொல்லியிருந்தனர்.

அந்நாளில் கோடிக்கணக்கானோர் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தனர். முடங்கியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? திரைப்படம் பார்த்தார்கள், பாட்டுக் கேட்டார்கள், கதை படித்தார்கள். அவற்றையெல்லாம் ஆக்கித் தந்தவரைத்தான் தேவையில்லாதவர் என்றார்கள். இந்த முரண்பாட்டைப் பலரும் எடுத்துக்காட்டிவிட்டனர். நான் அதற்கு மேலும் ஒரு படி சென்று சொல்ல விரும்புகின்றேன். கலை நம் மனத்தை ஆற்றியது என்பது பாதி உண்மையே. கலையும் வடிவமைப்பும் நம் உயிரையும் காத்தன என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை நாம் பேசுவதே இல்லை. பேசாததால்தான் கலைப்பாடத்தை யார் வேண்டுமானாலும் தட்டிப்பறிக்க முடிகின்றது.

கண்ணுக்குப் புலப்படாத பகை

சாம்பல்நிறப் பந்து, அதன்மேல் சிவப்புநிறக் கொத்துகள். இந்தப் படத்தை அறியாத குழந்தை இன்று உலகில் உண்டா? 2020 ஜனவரியில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவ ஓவியர்களான அலிசா எக்கர்ட், டேன் ஹிகின்ஸ் ஆகிய இருவரும் ஆக்கிய படம் அது. நச்சுயிரியை வெறுங்கண்ணால் காண முடியாது. காண முடியாத ஒன்றுக்கு அஞ்சிக் கைகழுவு என்றால் மக்கள் எப்படிக் கேட்பார்கள்? அந்தப் பகைக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. அந்த உருவத்தை ஆக்கிக் கொடுத்தவர்கள் ஓவியர்கள். எந்த நிறம் எச்சரிக்கும், எந்த நிழல் அதனைத் தொட்டுவிடலாம் போன்ற திண்மையோடு காட்டும் என்பதெல்லாம் ஓவியர் அறிந்த செய்திகள். இன்றியமையாதவர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை!

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். 1854-இல் இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவியது. கெட்ட காற்றால் பரவுகின்றது என்பதே அன்றைய மருத்துவர் பலரின் நம்பிக்கை. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவரோ தண்ணீரைத்தான் ஐயுற்றார். வீடுவீடாகச் சென்று சாவுகளைக் கேட்டறிந்தார். பின்னர் ஒரு தெருவரைபடத்தில், சாவு நேர்ந்த வீடுகளின் எதிரே ஒரு சாவுக்கு ஒரு கறுப்புக் கோடு என்று அடுக்கிக் காட்டினார். பிராட் தெருவிலிருந்த ஒரு நீரேற்றுக் குழாயைச் சுற்றியே கோடுகள் மொய்த்துக் கிடந்தன. பக்கம் பக்கமாக எழுதினாலும் விளங்காத உண்மை ஒரே வரைபடத்தில் விளங்கிற்று. 2020-இல் நாள்தோறும் தொலைக்காட்சியில் நாம் பார்த்த ஏறுமுக, இறங்குமுக வளைகோடுகள் அந்த வரைபடத்தின் வழித்தோன்றல்களே. எண்ணைப் படமாக்குவது வடிவமைப்புக் கலை. அந்தக் கலையைத்தான் 'ஓய்வு நேரத்தில் செய்' என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

பினாங்கு மண்ணின் மைந்தர்

முகக்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1879-இல் பினாங்கில் பிறந்தவர் மருத்துவர் வூ லியன் டே. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய் பரவியபோது, அதனைத் தடுக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 பேரை வாரிக்கொண்டு போன கொடுநோய் அது. மூச்சுவழி பரவுகின்றது என்று வூ சொன்னார், பலர் நம்பவில்லை. மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் முகக்கவசம் அணிய மறுத்து நோயாளிகளைப் பார்க்கச் சென்றார். சில நாள்களில் இறந்துபோனார்.

வூ வகுத்த கவசம் எத்தகையது? மெல்லிய வலைத்துணி அடுக்குகளுக்கு நடுவே பஞ்சு. பின்பக்கம் கட்டிக்கொள்ள நாடா. அவ்வளவே! எங்கும் கிடைக்கும் பொருள், மலிவான விலை, யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். நல்ல வடிவமைப்பு என்பதன் இலக்கணமே இதுதான். பின்னாளில் ஈப்போவில் மருத்துவம் பார்த்து, 1960-இல் பினாங்கில் மறைந்த அந்தப் பெருமகனாரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அறிவியல் பாடத்தில் அவரைச் சொல்லலாம், கலைப்பாடத்திலும் சொல்லலாம். துணியும் பஞ்சும் நாடாவும் கொடுத்து, 'மூக்கும் வாயும் மூட வேண்டும், ஓரத்தில் காற்று நுழையக்கூடாது, காது வலிக்கக்கூடாது, செய்து காட்டு' என்றால், அந்த ஒரு பாடவேளையில் அளவை, வடிவம், பொருளறிவு, பிறர்நலம் எல்லாம் கற்றுவிடுவான் ஒரு மாணவன்.

வேப்பிலையும் வெள்ளைக்கொடியும்

வடிவமைப்பு என்றவுடன் கணினியும் படித்த பட்டமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகி வைத்தார்கள். எழுத்தறியாதவனும் அதைப் பார்த்தவுடன் விலகி நடந்தான். கடன் கேட்க வந்தவனும் திரும்பிப் போனான். நோய்த்தடுப்பு, தனிமைப்படுத்தல், அறிவிப்பு ஆகிய மூன்றையும் ஒரு கொத்து இலை செய்தது. இந்நாட்டுத் தோட்டந்தோறும் மாரியம்மன் கோவிலை எழுப்பிய நம் மூதாதையர் அந்த மொழியையும் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள். அது பக்தி மட்டுமன்று. தேர்ந்த அடையாளக் குறி.

2021 ஜூன் மாத இறுதியில் அதே அறிவு இந்நாட்டில் மீண்டும் தலைகாட்டியது. நடமாட்டக் கட்டுப்பாட்டினால் வேலையும் வருமானமும் இழந்து, அடுப்பெரியாத வீடுகளில் இருந்தோர் வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டினர். 'எனக்கு உதவி வேண்டும்' என்று வாய்திறந்து கேட்கக் கூசிய மானமுள்ள மக்களுக்கு அந்தத் துணி வாயாயிற்று. இனம் பாராமல், சமயம் பாராமல் அக்கம்பக்கத்தார் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வைத்தனர். படிவம் இல்லை, செயலி இல்லை, கடவுச்சொல் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் இந்நாடு கண்ட மிகச் சிறந்த வடிவமைப்பு எது என்று என்னைக் கேட்டால், நான் அந்த வெள்ளைத் துணியைத்தான் காட்டுவேன்.

அதே காலத்தில் கடைக்குள் நுழையவும் திறன்பேசி வேண்டியிருந்தது. மைசெஜாத்ரா செயலியில் குறியீட்டை வருடிவிட்டு நுழைய வேண்டும். 2022 மே முதல் நாளில்தான் அந்த நடைமுறை நீங்கியது. தொற்றுத் தொடர்பைக் கண்டறிய அது உதவியது. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால், திறன்பேசி இல்லாத முதியவர்கள் கடைவாசலில் நின்று, குறிப்பேட்டில் தம் பெயரை எழுதித் தரும்படி யாரையோ கெஞ்சியதையும் கண்டோமே! யாரை உள்ளே விடுகின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதே ஒரு வடிவமைப்பை அளக்கும் அளவுகோல். அந்த அளவுகோலைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் பாடம் பள்ளியில் வேறு எது?

கட்டடம் கற்ற பாடம், நாம் கற்காத பாடம்

சுவர் என்று சொன்னார்கள் அல்லவா? அந்தச் சுவரையே பார்ப்போம். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் வெயிலும் காற்றும் ஓய்வுமே மருந்து. பின்லாந்து நாட்டில் பைமியோ என்னும் இடத்தில் 1933-இல் திறக்கப்பட்ட காசநோய் மருத்துவமனையை அல்வர் ஆல்டோ என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்தார். நிற்பவன் பார்வையில் கட்டடம் கட்டுவது வழக்கம். அவரோ படுத்திருப்பவன் பார்வையில் கட்டினார். நோயாளி நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பது மேற்கூரையின் உட்புறத்தை. ஆகவே, அதற்குக் கண்ணை உறுத்தாத பசுமைநிறம் பூசினார். விளக்கைப் படுத்திருப்பவரின் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். ஓர் அறையில் இருவர் தங்குவதால், ஒருவர் கைகழுவும் ஓசை மற்றவரின் உறக்கத்தைக் கெடுக்காதபடி கழுவுதொட்டியின் சரிவை அமைத்தார். மூச்சு விடுவதற்கு எளிதாகச் சாய்வுள்ள நாற்காலியை வளைத்த ஒட்டுப்பலகையில் செய்தார். நோய் ஒரு கலைஞனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. அந்த நாற்காலி இன்றளவும் உலகப் புகழோடு விளங்குகின்றது.

நாம் என்ன கற்றோம்? தரையில் ஒட்டுவில்லைகளை ஒட்டினோம். இருக்கைகளில் பெருக்கல்குறி இட்டோம். மேசைக்கு மேசை நெகிழித் தடுப்பு வைத்தோம். நோய் காற்றில் மிதக்கும் நுண்துளிகளாலும் பரவுகின்றது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தெளிவாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்னரும் சன்னலைத் திறப்பதைப் பற்றிப் பேசியவர்களைவிட, ஒட்டுவில்லை விற்றவர்களே மிகுதி. இன்று அந்த வில்லைகள் பாதி கிழிந்து, அழுக்கேறிக் கிடக்கின்றன. தடுப்புகள் சாமான் அறையில் தூசு படிந்து நிற்கின்றன. பெருந்தொற்றுக்கு நாம் செய்த வடிவமைப்பு அவ்வளவுதான்!

தோட்டப்புறத்துப் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். அரைச்சுவர், அதன்மேல் கம்பிவலை, உயர்ந்த கூரை, இருபுறமும் காற்று. மழைச்சாரல் அடித்ததும் கூரை ஒழுகியதும் உண்மை. அந்த வறுமையைப் போற்ற நான் வரவில்லை. ஆயினும், வறுமையில் கட்டிய கட்டடத்திற்குள் காற்று இருந்தது. இன்று புதிய இணைக்கட்டடம் எழுப்பும்போது வண்ணம் என்ன, வளைவு என்ன, திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயர் என்று மணிக்கணக்கில் பேசுகின்றோம். 'ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் மூச்சு விட்டால் அந்தக் காற்று எவ்வழியே வெளியேறும்?' என்று கேட்பவர் யாரும் இல்லை. கேட்கத் தெரிந்திருக்க வேண்டுமானால், கட்டடமும் ஒரு கலை என்று சிறுவயதிலேயே அறிந்திருக்க வேண்டும்.

மாற்றம் என்ற பெயரில் நடந்தது

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடின, திறந்தன, மீண்டும் மூடின. 2021 அக்டோபரில்தான் கட்டங்கட்டமாகத் திறந்து நிலைப்பட்டன. இடையில் இல்லிருப்புக் கற்றல். கல்வியமைச்சு 2020-இல் எடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை. கருவி இருந்த வீடுகளில் பலவற்றில் ஒரே ஒரு திறன்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவது. மூன்று பிள்ளைகள் அதற்கு வரிசையில் நின்றார்கள். கணக்குக்கு முதல் முறை, மொழிக்கு அடுத்த முறை, அறிவியலுக்கு மூன்றாம் முறை. கலைப்பாடத்தின் முறை வருமுன் பேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிடும்.

ஆனாலும் அந்த நாள்களில் ஓர் அருமையான முயற்சி உலகெங்கும் பரவியது. நெதர்லாந்தில் தொடங்கிய ஒரு விளையாட்டைப் பின்பற்றி, 2020 மார்ச்சில் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் ஓர் அறைகூவல் விடுத்தது. புகழ்பெற்ற ஓர் ஓவியத்தை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு மீண்டும் உருவாக்கிப் படமெடுத்து அனுப்புங்கள் என்பதே அது. போர்வை பட்டாடையாயிற்று, வடிகட்டி கிரீடமாயிற்று. அதே வழியில் நானும் என் மாணவர்களுக்கு ஒரு பணி கொடுத்தேன். வீட்டை விட்டு வெளியே போகாமல், கடையில் எதையும் வாங்காமல், ஒரு பறவையைச் செய்யுங்கள் என்றேன். இரவு ஒன்பது மணிக்கு மேல், தாயார் வேலை முடிந்து வந்த பின் ஒரு மாணவி அனுப்பிய படத்தை இன்னும் வைத்திருக்கின்றேன். முறத்தில் பச்சைப்பயறும் துவரம்பருப்பும் மிளகும் பரப்பிச் செய்த மயில். படமெடுத்த பின் பருப்பைத் தனித்தனியே பிரித்து டப்பாவில் போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாள். கலை வாழ்க்கைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது என்றால் இதுதான்.

பெருந்தொற்று நீங்கிய பின்னர் நாம் இதைத் தொடர்ந்தோமா? இல்லை. திரையை மட்டும் தொடர்ந்தோம். அண்மையில் மாணவர்களுக்கான ஒரு சுவரொட்டிப் போட்டிக்கு வந்த படைப்புகளைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. பத்துக்கு ஆறு படைப்புகளில் அதே வார்ப்புரு. அதே சிரிக்கும் குழந்தைகள். அதே பச்சைநிற உலக உருண்டை. கணினிச் செயலியில் ஆயத்தமாகக் கிடைக்கும் படத்தில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் படம் வந்து நிற்கின்றது. பரிசும் கிடைக்கின்றது. பிள்ளையின் கை எங்கே? கண் எங்கே?

2020-இல் முதலாம் ஆண்டில் நுழைந்த பிள்ளைகள் 2025-ஆம் கல்வியாண்டில் ஆறாம் ஆண்டை முடித்துச் சென்றுவிட்டனர். கத்தரிக்கோல் பிடிக்கவும், களிமண் பிசையவும், கோட்டின்மேல் கோடு வரையவும் பழக வேண்டிய அகவையில் அவர்கள் திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள். என் வகுப்பில் கண்டதைச் சொல்கின்றேன். நான்காம் ஆண்டில் ஒரு வட்டத்தை வெட்டச் சொன்னால் கை நடுங்கிய பிள்ளைகள் இருந்தனர். தாளைத் திருப்பாமல் கத்தரிக்கோலைத் திருப்பித் திணறினர். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் கலைப்பாடம் தேவைப்பட்டது. அவர்களிடமிருந்துதான் இருந்த பாடவேளையையும் பறித்தோம்.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: 'வாசிக்கவே தெரியாத பிள்ளைக்குப் படம் எதற்கு?' வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மேலும் ஒரு மணிநேரம் அதே பயிற்றியைக் கொடுத்தால் வாசிப்பு வந்துவிடுமா? எழுதுகோலைப் பிடிக்க விரலில் வலு வேண்டும். 'ண'கரத்தையும் 'ன'கரத்தையும் பிரித்தறியக் கண்ணுக்குக் கூர்மை வேண்டும். சுழியை எண்ணிப் பார்க்கும் கண்ணைப் படம் வரைந்துதான் வளர்க்கிறோம். தமிழாசிரியனாகவும் இருந்து சொல்கின்றேன்: கலைப்பாடம் மொழிப்பாடத்தின் பகையன்று, அதன் தாதி.

இரண்டாம் மறுப்பு: 'இனி எல்லாம் கணினிதான்; காலத்தோடு ஒத்துப்போக வேண்டும்.' போவோம். 2020 மார்ச்சில் பிரான்சின் நார்மண்டியில் இருந்த ஓவியர் டேவிட் ஹாக்னி, ஐபேடில் வரைந்த மஞ்சள் மலர்களை உலகுக்குக் காட்டினார். அப்போது அவருக்கு அகவை 82. ஆனால் அந்த விரல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கரிக்கோலும் தூரிகையும் பிடித்த விரல். அந்தக் கண் பூவை நேரே பார்த்துப் பழகிய கண். கருவியின்மேல் எனக்குப் பகையில்லை. கருவியைக் கொடுத்துவிட்டுக் கையையும் கண்ணையும் பழக்காமல் விடுவதுதான் பிழை.

மூன்றாம் மறுப்பு: 'தேர்வு இருக்கின்றதே!' 2020-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு பெருந்தொற்றால் நடைபெறவில்லை. 2021-இல் அத்தேர்வே நீக்கப்பட்டது. தேர்வு போனால் கலைக்கும் விளையாட்டுக்கும் இடம் கிடைக்கும் என்று எத்தனை மேடைகளில் பேசினோம்! பேசியவர்கள் இறங்கிய பின், காலியான இடத்தில் மீண்டும் பயிற்றிகளே வந்து உட்கார்ந்தன. தடையாக இருந்தது தேர்வுத்தாள் மட்டுமன்று, நம் எண்ணமும்தான்.

சிதைந்து கிடக்கும் நம் எழுத்து

தமிழர்களாகிய நமக்கு இதில் தனியொரு கேடும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பொது இடங்களில் வைக்கப்பட்ட தமிழ் அறிவிப்புகள் சிலவற்றை நீங்களும் கண்டிருப்பீர்கள். என் வட்டாரத்தில் கண்ட ஓர் அறிவிப்பில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், நடுவில் புள்ளிவட்டம் என எழுத்துகள் சிதறிக் கிடந்தன. வேறொன்றில் தமிழ் வரி மற்ற மொழி வரிகளின் அளவில் பாதிதான் இருந்தது. மலாயும் ஆங்கிலமும் அறியாத மூதாட்டி ஒருவர் அதன்முன் நின்று எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு அப்பால் சென்றார். தடுப்பூசிக்கு எங்கே, எப்போது செல்ல வேண்டும் என்னும் செய்தி அது!

உடனே அறிக்கை விடுகின்றோம். மொழிக்கு இழுக்கு என்று குமுறுகின்றோம். குமுற வேண்டியதுதான். ஆனால், எழுத்துருவைச் சரியாகப் பொருத்தவும், இரு கண்பார்வைத் தொலைவிலிருந்து படிக்கும்படி எழுத்தின் அளவை வகுக்கவும் தெரிந்த தமிழ் வடிவமைப்பாளர்களை நாம் எங்கே வளர்த்தோம்? வளர்க்க வேண்டிய பாடவேளையை நாமே அல்லவா கணக்குக்குத் தாரை வார்த்தோம்? 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில், தமிழ் அறிவிப்பை அழகாகவும் பிழையின்றியும் அமைத்துத் தரும் கைகளுக்குப் பஞ்சம் வரலாமா?

செய்ய வேண்டுவன

குறைசொல்லி நிறுத்திக்கொள்வது என் நோக்கமன்று. கூடுதல் செலவில்லாமல் நம் பள்ளிகளில் நாளையே தொடங்கக்கூடியவற்றைச் சொல்கின்றேன்.

ஒன்று: கலைப்பாடவேளையை எக்காரணத்தைக் கொண்டும் வேறு பாடத்திற்குக் கடன் கொடுக்காதீர்கள். அந்தக் கடன் ஒருபோதும் திரும்பி வருவதில்லை.

இரண்டு: கலைப்பாடத்தின் நான்கு துறைகளான படம் உருவாக்குதல், கோலமும் வடிவமைப்பும், உருவமைத்தலும் கட்டுதலும், மரபுக் கைவினை ஆகியவற்றை உண்மையான தேவையோடு இணையுங்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு ஓர் அறிவிப்பு வேண்டுமா? பிள்ளைகளே எழுதட்டும். எழுதியதைத் தாத்தா பாட்டியிடம் காட்டி, பத்தடி தொலைவிலிருந்து படிக்க முடிகின்றதா என்று கேட்டு வரட்டும். முடியவில்லை என்றால் மாற்றி எழுதட்டும். வடிவமைப்பின் அரிச்சுவடி அதுவே.

மூன்று: கைவினைஞரைப் பள்ளிக்கு அழையுங்கள். 2021 தைப்பூசத்தில் கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்கு வெள்ளித்தேர் மட்டும் சென்றது, காவடிகள் இல்லை. காவடி கட்டுவோர், மாலை தொடுப்போர், மேளம் வாசிப்போர் ஆகியோரின் கைகளுக்கு அந்த ஆண்டு வேலையில்லை. அந்தக் கைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டால் மீண்டும் வருவதரிது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களுள் ஒருவரை அழைத்து, தக்க ஊதியம் கொடுத்து, பிள்ளைகளின் முன் உட்கார வையுங்கள். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்; பொன்னாடையால் அடுப்பெரியாது.

நான்கு: பள்ளி வாரியத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் கட்டடம் எழுப்பும்போதும் பழுதுபார்க்கும்போதும், முதல் கேள்வியாகக் காற்றோட்டத்தைக் கேளுங்கள். வரைபடத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். எந்த மூலையில் புழுக்கம், எந்தச் சன்னல் திறப்பதே இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஐந்து: பெற்றோர்களே! தேர்ச்சி அறிக்கையை வாங்கியவுடன் கணக்கையும் மொழியையும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். 'இந்தத் தவணையில் நீ உன் கையால் செய்த பொருள் எது? காட்டு' என்று கேளுங்கள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால், பள்ளிக்கு வந்து எங்களைக் கேளுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் கோவிட்-19 நெருக்கடி நிலை முடிந்துவிட்டதாக அறிவித்தது. நோய்கள் முடிந்துவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. அடுத்தது எந்நாளில், எவ்வடிவில் வரும் என்பதை எவரும் அறியார். அது வரும் நாளில் மலிவான கவசம் ஒன்றை வகுக்கவும், ஏழை எளியவர்க்கும் புரியும் குறி ஒன்றைக் கண்டுபிடிக்கவும், தமிழ் மூதாட்டி ஒருத்தி தடுமாறாமல் படிக்கும் அறிவிப்பு ஒன்றை எழுதவும் ஆள் வேண்டும். அந்த ஆள் இப்போது நம் பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில், கடைசி வரிசையில், கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு கிளியை வரைந்துகொண்டிருக்கக்கூடும். அவளைத் திட்டுவதற்கு முன், அந்த வாரத்துக் கலைப்பாடவேளையில் அவள் என்ன செய்தாள் என்று அன்புகூர்ந்து கேட்டுப் பாருங்கள்.